கிரீபாவில் அம்மாவின் பொருத்தனை

கடைசி இரவு, துனிசியாவின் ஜெர்பா தீவிலுள்ள ஹூம்த் சூக் ஊரில் சாப்பிட்டு முடித்ததும், ஆளுக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஜெர்பா யூதர்களுக்குத் துணை நிற்கிறோம் என்று சொல்ல பாரிசிலிருந்து சேர்ந்து வந்த குழு எங்களுடையது. என் முறை வந்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வந்தது அம்மாவுக்காக. அக்காவுக்குக் குழந்தை பிறந்தால் ஜெர்பாவின் பழைய யூத ஜெப ஆலயமான கிரீபாவில் மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மாவின் பொருத்தனை, நேர்த்திக்கடன். பேரன் பிறந்தான்; அம்மாவுக்கோ முழங்கால் மடங்கவில்லை. அதற்குள் 2023 மே மாதம் அங்கே துப்பாக்கிச் சூடு. யாத்திரிகர் இருவர், காவலர் மூவர் செத்தார்கள். சுட்டவனும் சீருடை போட்ட காவலன்தான். உறவுக்காரர் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். "கடனை வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவேன்?" என்றாள் அம்மா.

கிரீபாவுக்கு யாத்திரை வரும் யூதத் திருநாள் லாக் பாவோமர்; 2024-இல் அதற்குக் காசா போரால் ஊர்வலம் கிடையாது. அம்மா சொல்லும் நெரிசல், பட்டுத்துணி சுற்றி ஊர்வலமாக வரும் மெனாரா விளக்கு, ஏலக் கூச்சல், பூக்கா என்ற அத்திப்பழச் சாராயத்தின் நெடி எதுவுமில்லை, முற்றம் காலி. கூட்டம்தான் இல்லை, சோதனைக்குக் குறைவில்லை. பையைத் திறந்து காட்டும்போதெல்லாம் துப்பாக்கியோடு நிற்பவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளத் தோன்றியது. பாவம், அவர் என்ன செய்வார். டாக்சிக்காரர் மட்டும் திருவிழா ரேட்டில் ஒரு தினார்கூடக் குறைக்கவில்லை.

செருப்பைக் கழற்றி, தலையில் துணி போட்டு உள்ளே போனேன். நீலத் தூண்கள், நீல ஓடுகள். வேதச் சுருள்கள் வைத்த பேழைக்குக் கீழே, வேண்டுதல் வைக்கும் அந்தப் பொந்து. முட்டி போட்டுக் குனிந்தால் மெழுகுப் புகை கண்ணைக் கரித்தது. எங்கள் குழுவிலேயே ஒருத்தர் கைப்பேசியை என் தோளுக்கு மேல் நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஜெபிக்க வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். தங்கைக்குக் கல்யாணம் நடக்க, இங்குள்ள வழக்கப்படி அவள் பெயர் எழுதிய ஒரு முட்டையும் பொந்தில் வைக்க அம்மா சொல்லியிருந்தாள். (ஒன்றுக்கு நன்றி சொல்லும்போதே அடுத்ததைக் கேட்டுவிடுவாள்.) முட்டையை எங்கே வைப்பதென்று தடுமாறினேன். பக்கத்திலிருந்த உள்ளூர்ப் பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்து, "இன்னும் உள்ளே" என்று தள்ளிவிட்டார்.

போன வருஷம் அந்த இரவில் அவரும் உள்ளேதான் இருந்தாராம். கதவை அடைத்துக்கொண்டு வேதத்திலுள்ள சங்கீதங்களை ஜெபமாகச் சொல்லியிருக்கிறார்கள். அணைந்த திரிகளைப் பொறுக்கியபடி சொன்னார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நான் வாய் திறப்பதற்குள் அவர் கேட்டார்: "பாரிசில் உங்கள் பிள்ளைகள் தலையில் கிப்பாவோடு தெருவில் போக முடிகிறதா? பயமாக இல்லையா?" என் தம்பி அந்த யூதக் குல்லாவின்மேல் தொப்பி போட்டு மறைத்துக்கொண்டு போகிறவன். அழுதுவிட்டேன். அவர்தான் என் கன்னத்தைத் துடைத்தார். துணை நிற்க வந்தவள் நான்!

அப்புறம் ஏற்றினேன். அக்கா பிள்ளை பெயரைச் சொல்லி ஒன்று. அந்தப் பிரசவ இரவில் அவளைக் காத்ததற்கு, அம்மா இன்னும் எங்களோடு இருப்பதற்கு, இங்கே நடந்த 2002 குண்டுவெடிப்புக்குப் பிறகும் இந்தக் கதவைத் திறந்தே வைத்திருப்பவர்களுக்கு, அந்தப் பாட்டிக்கு... ஆண்டவரே, எத்தனைக்கென்று நன்றி சொல்ல? வாங்கிய மெழுகுவர்த்திக் கட்டு தீர்ந்து, பாட்டியிடமே இரண்டு கடன் வாங்கினேன்.

கிளம்புமுன் நானும் ஒரு பொருத்தனை செய்துவிட்டேன்: மெனாரா மறுபடி தெருவுக்கு வரும் வருஷம் அம்மாவைச் சக்கர நாற்காலியிலாவது கூட்டி வருவேன். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. டிக்கெட் செலவில் பாதி அவள் தலையில்தான்.