முதல் நாளே எல்லாம் சொல்ல வேண்டியதில்லை

அடி, வசவு, மிரட்டலோடு பல வருஷம் வாழ்ந்தவர்கள், ஆலோசகர் முன்னால் உட்கார்ந்ததும் நடந்ததையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்று நினைக்கிறார்கள். அவசரமே இல்லை. முதல் சில அமர்வுகள் பாதுகாப்புக்குத்தான்: இன்றிரவு எங்கே தூங்குவார், ஆதாரும் பாஸ்புக்கும் யாரிடம் இருக்கின்றன, அவர் போனை வேறு யாராவது பார்க்கிறார்களா. தூக்கம் திரும்பும் முன்பே பழசைக் கிளறினால் படபடப்பு கூடும். அடுத்த முறை வரவே மாட்டார்.

பேச்சின் நடுவே கை சில்லிட்டுப் பார்வை நிலைகுத்தினால் கேள்வியை நிறுத்த வேண்டும். மனம் பழசிலிருந்து இந்த அறைக்குத் திரும்புவதற்காக, கண்ணில் படும் 5 பொருள், தொட முடிகிற 4, காதில் விழும் 3, மணம் 2, சுவை 1 என்று மெதுவாகச் சொல்லவைப்பார்கள். (கையில் காபி இருந்தால் கடைசி இரண்டும் சுலபம்.)

அடி நிற்காத வீட்டில் கணவனையும் கூட உட்காரவைத்துப் 'பேசித் தீர்ப்பது' ஆபத்து. அங்கே சொன்ன சொல்லுக்கு வீட்டில் உதை விழும். தமிழ்நாட்டில் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். மனநல உதவிக்கு 14416, 24 மணி நேரமும்.