சூப்பர்வைசர் அண்ணன் கேட்ட கேள்வியில் தெளிந்த எம்எல்ஏ பாடம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்கு சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன். பகலில் சைட், இரவில் டார்மிட்டரி கட்டிலில் புத்தகம், ஞாயிறு மட்டும் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகம். அரசியலமைப்பில் அடிக்கடி என் காலை வாரியது சட்டமன்ற உறுப்பினர் பகுதிதான். ரோடு, குடிநீர்க் குழாய், கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி என்று எம்எல்ஏவைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது என்ற அலட்சியம்.

2023 செப்டம்பர் 1 இங்கே அதிபர் தேர்தல். மறுநாள் சூப்பர்வைசர் அண்ணன், அவர் சிங்கப்பூர்க்காரர், "நாங்க நேரா ஓட்டுப் போட்டோம், உங்க நாட்டுல யாரு தம்பி போடுவா?" என்று கேட்டார். எங்கள் குடியரசுத் தலைவருக்கு எம்பிக்களும் எம்எல்ஏக்களும் என்றேன். இங்கே மாநிலமும் இல்லை, மாநிலச் சட்டமன்றமும் இல்லை, அதனால் எம்எல்ஏ வேலை என்ன என்று அடியிலிருந்தே சொல்ல வேண்டியதாயிற்று: போலீஸ், பொதுச் சுகாதாரம், விவசாயம் மாதிரி மாநிலப் பட்டியலில் இருப்பவற்றுக்குச் சட்டம் போடுவது, மாநில பட்ஜெட்டுக்கு ஒப்புதல் தருவது, மாநிலங்களவைக்கு ஆள் அனுப்புவது என்று சொல்லிக்கொண்டே போனேன். "எல்லா எம்எல்ஏ ஓட்டும் ஒரே மதிப்பா?" என்றார். மாட்டிக்கொண்டேன்.

அன்று ராத்திரி ஒரு எம்எல்ஏ ஓட்டின் மதிப்பைக் கணக்குப் போட்டேன். மாநிலத்தின் 1971 மக்கள்தொகையை, தேர்ந்தெடுக்கப்பட்ட எம்எல்ஏக்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை மறுபடி 1000-ஆல் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 4 கோடியே 12 லட்சம் பேர், 234 எம்எல்ஏ, வந்தது 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7. கையால் போட்ட கணக்கு, இன்றுவரை மறக்கவில்லை.

அப்புறம் ஒன்று, மாதிரித் தேர்வில் நான் மார்க் விட்ட இடம். குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்எல்ஏவுக்கு ஓட்டு உண்டு, துணைக் குடியரசுத் தலைவர் தேர்தலில் கிடையாது, குடியரசுத் தலைவரைப் பதவி நீக்கும் தீர்மானத்திலும் கிடையாது, அது நாடாளுமன்றத்தின் இரு அவைகளின் வேலை. நியமன உறுப்பினர், மாநிலச் சட்ட மேலவை உறுப்பினர் யாருக்கும் குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டில்லை. இதைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தால் குழம்பும், ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கட்சித்தாவல் தடைக்கு அரசியலமைப்பின் 10-வது அட்டவணை, சேர்த்தது 1985-ல், அவ்வளவு போதும்.

முடிந்தால் இந்திய அரசியல் தெரியாத ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், எது புரியவில்லை என்று அவர் முகமே காட்டிவிடும். அண்ணன் இப்போது மேலவைக்கு வந்துவிட்டார். தமிழ்நாட்டில் 1986-ல் ஒழித்துவிட்டார்கள் என்று சொல்லியாயிற்று. அப்படியென்றால் ஆறு மாநிலங்களில் மட்டும் ஏன் வைத்திருக்கிறார்கள் என்கிறார், ஞாயிறு வரை தவணை வாங்கியிருக்கிறேன்.