ஐந்து கட்டைச் சுருதி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பாடசாலை ஒன்றில் சங்கீதம் படிப்பிக்கிறேன். 2023இல் யாழ்ப்பாணத்து அரியாலைப் பிள்ளை கில்மிஷா, ஜீ தமிழ் டிவியின் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றா. அதே மேடையில் மலையகத்து அசானியும் பாடினா. அடுத்த வருடம் என் வகுப்பில் கதிரை போதவில்லை. சித்திரம் எடுக்க இருந்த பிள்ளைகள்கூடச் சங்கீதத்துக்கு வந்தார்கள். எனக்குப் பெரிய சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தில் நானே ஒரு பிழை விட்டேன். காலைக் கூட்டத்தில் தரம் 7 பிள்ளை ஒருத்தியைப் பாடவைத்து, "இவதான் எங்கட கில்மிஷா" என்று சொல்லிவிட்டேன்.

அன்றுமுதல் அவளுக்கு யூடியூப்தான் குரு. கையசைவு, கண்ணை மூடும் இடம், சுருதி எல்லாம் அதில் பார்த்தபடியே. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம்; கட்டை கூடினால் சுருதி உயரும். ஐந்து கட்டையில் இதமாக நிற்கும் குரல் அவளுடையது. 12, 13 வயதில் பெண்பிள்ளைகளின் குரலும் மெல்ல மாறும்; மேல் ஸ்தாயியில் மூச்சுக் கலந்து கரகரக்கும். வருத்தக் கூடாத காலம் அது. அவளோ வீட்டில் ஆறரைக் கட்டையில் பாடிப் பாடித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டாள். தமிழ்த் தினப் போட்டி வலய மட்டத்தில், பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் மேலே போகும்போது குரல் அடைத்துவிட்டது.

"எனக்கு அவட குரல் இல்ல டீச்சர். இனிப் பாட ஏலா."

ஒரு தவணை முழுக்க அவள் வாய் திறக்கவில்லை.

டிவியைப் பார்த்துத்தான் பிள்ளைகள் கெடுகுதுகள் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாடின பிள்ளையில் என்ன பிழை? என் வகுப்பை நிறைத்ததே அந்தப் பிள்ளைதானே. ஆனால் முன்மாதிரி என்று நாங்கள் காட்டுகிறபோது, சிறுமி எதைப் பார்த்துப் பழகுவாள்? மேடைக்குப் பாட்டும் உடுப்பும் தெரிவுசெய்வதில் பெரியவர்களின் கை நிறைய இருக்கும். அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் 11 வயதில் மிக்கி மவுஸ் கிளப் என்ற டிவி நிகழ்ச்சியில் ஆடிப்பாடியவர். எத்தனையோ சிறுமிகள் அவரைப்போல வர ஆசைப்பட்டார்கள். அவரோ 2008 முதல் 2021 வரை, தன் பணத்தையே தான் ஆள முடியாமல் நீதிமன்றம் வைத்த பாதுகாவலின் கீழ் இருந்தார். அதில் பெரும்பகுதிக் காலம் பாதுகாவலர் பெற்ற தகப்பன். எல்லாருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. இன்னும் வளர்ந்து முடியாத ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு அளவுகோலாக வைத்தால் இரண்டு பேருக்கும் பாரம். அந்தப் பாரத்தைக் காலைக் கூட்டத்தில் ஏற்றியவள் நான்.

அவளிடம் அதைச் சொன்னேன். பிறகு, பாடசாலை விட்டதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் பழகும் அக்கா ஒருத்தியின் பக்கத்தில் அவளை இருத்தினேன். அந்த அக்கா ஆரம்பப் பயிற்சியான சரளி வரிசையை மூன்றாம் காலத்தில், அதாவது வேகமாக, பாடும்போது தடுமாறுவாள். "பொறு புள்ள" என்று தொடையில் தட்டித் திரும்பத் தொடங்குவாள். தடுமாறினால் நிறுத்தித் திரும்பத் தொடங்கலாம் என்பதை யூடியூப்பில் இவள் கண்டதேயில்லை.

இரண்டு கிழமை சும்மா இருந்தாள். மூன்றாம் கிழமை சுருதிப் பெட்டியை எட்டி எடுத்து, "அக்கா, அரைக் கட்டை குறைக்கட்டா?" என்று கேட்டாள்.