சும்மாடு போல ஒரு திராட்சைக்கொடி

கிரேக்கத் தீவான சாண்டோரினி போய்வந்தேன் என்றதும் எல்லோரும் கேட்பது அந்த நீலக் குவிமாடப் படத்தைத்தான். என்னிடம் இல்லை. தோழிகள் ஓயா ஊரில் சூரிய அஸ்தமனம் பார்க்க இடம்பிடிக்க ஓடிய அன்று, நான் தலைநகர் ஃபிராவில் பஸ் ஏறி பிர்கோஸ் கிராமத்துப் பக்கம் போய்விட்டேன்.

மே மாதக் கடைசி. சாம்பல் நிறத் தரையில் அங்கங்கே தரையோடு தரையாய்ப் பச்சைப் புதர். களை என்றுதான் நினைத்தேன். திராட்சைக்கொடியாம். குனிந்து இலையை விலக்கினால் உள்ளே முறுக்கேறிய கட்டை, வட்டம் வட்டமாய். குடத்துக்கு அடியில் வைக்கும் சும்மாடு, அச்சு அசல்! ‘குலூரா’ என்கிறார்கள். ஒவ்வொரு குளிர்காலமும் கவாத்து செய்து, கொடியை வளையமாகப் பின்னிவிடுவார்கள். குலைகள் அந்தக் கூடைக்குள் ஒளிந்துகொள்ளும். கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்தெமி காற்று மணலை வாரி இறைக்குமாம். பந்தலில் ஏற்றினால் பிஞ்சு மிஞ்சாது.

கோடையில் மழை என்பதே கிடையாது. இரவில் கடலிலிருந்து வரும் ஈரத்தை நுரைக்கல் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. குதிகால் தேய்ப்போமே, அதே ஓட்டைக் கல். சுமார் 3600 வருடங்களுக்கு முன் வெடித்த எரிமலை கொட்டிய சாம்பலும் கல்லும்தான் இங்கே மண். களிமண் அநேகமாக இல்லை. அதனால் ஒரு லாபம்: 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை அழித்த, வேரைத் தாக்கும் ஃபிலாக்சரா பூச்சியால் இந்த மண்ணில் வாழ முடியவில்லை. மற்ற ஊர்களில் அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டுகிறார்கள். இங்கே கொடி சொந்த வேரிலேயே நிற்கிறது. கூடை கிழடானால் கட்டையை வெட்டிவிடுவார்கள், அதே வேர் மறுபடி துளிர்க்கும்.

ருசிபார்க்கப் போன இடத்தில் ஒயின் ஊற்றிய பெண், “எரிமலை ருசி தெரிகிறதா?” என்றாள். எனக்கு இதில் நம்பிக்கையில்லை. வேர் கல்லைக் கரைத்துக் கோப்பைக்கு அனுப்புவதில்லை. இந்த மண்ணில் பொட்டாசியம் குறைவு. அது மிகுந்தால் பழத்தின் புளிப்பை அடக்கிவிடும். இங்கே அடக்க ஆளில்லை. அத்தனை வெயிலில் பழுத்தும் இந்தத் தீவின் வெள்ளைத் திராட்சையான அசிர்டிகோ எலுமிச்சை போல நாக்கைச் சுண்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கடைசி மிடறில் உப்புக் கரித்தது.

விளைச்சல் சொற்பம், விலை அப்படியில்லை. வெயிலில் காயவைத்த பழத்தில் செய்யும் வின்சாந்தோ என்ற இனிப்பு ஒயின் ஒரு குட்டிப் பாட்டில் மட்டும் வாங்கினேன். வெள்ளைத் திராட்சைதான், நிறமோ கருப்பட்டிப் பாகு. காலுறையில் சுற்றிப் பெட்டியில் வைத்திருந்ததை, ஊர் திரும்பும் முன்பே தோழிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.