ஷாக் அப்சார்பரை நாமே பிரிக்கலாமா?

காவேரிப்பட்டணத்துக்கு அருகில் உள்ள எங்கள் மாந்தோப்பில் உரமூட்டையும் மாங்காய்க் கூடையும் சுமக்கும் ஏ.டி.வி. எனும் கரடுமுரடான நிலத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டியின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்று, சென்ற கோடையில் கசியத் தொடங்கியது. ஷாக்கினுள் போய்வரும் தண்டான ராடில் ஆயில் பிசுக்கோடு செம்மண் அப்பியிருந்தது. பாறை முண்டில் ஏறி இறங்கிய வண்டி உடனே அடங்காமல் மூன்று நான்கு முறை துள்ளியது.

ஆயில் கசியாமல் தடுக்கும் வளையங்கள் அடங்கிய சீல் கிட் வாங்கி நானே வேலையில் இறங்கினேன். வண்டியை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் உள்ள போல்ட்டுகளைக் கழற்றி ஷாக்கை வெளியே எடுக்க அரை மணி நேரம் போதும். ஸ்பிரிங்கை மட்டும் அதற்குரிய அமுக்கும் கருவி இல்லாமல் கழற்றக் கூடாது. தெறித்தால் பல் போய்விடும். இந்த வண்டிகளின் டயரில் ஐந்தாறு பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காற்றுதான் இருக்கும், நைட்ரஜன் அடைத்த ஷாக்கினுள்ளோ பெரும்பாலும் 150 முதல் 200 பி.எஸ்.ஐ. வரை இருக்கும் என்பதால், வால்வைத் திறந்து அதை முழுவதும் வெளியேற்றிய பிறகே, உள்பாகங்களைப் பிடித்திருக்கும் வளையமான சர்க்ளிப்பில் கைவைக்க வேண்டும்.

சீலை மாற்றி, ஆயில் ஊற்றி, குமிழி அடங்கும்வரை ராடை மெல்ல இழுத்துத் தள்ளினேன். மீண்டும் நைட்ரஜன் அடைக்கத்தான் வழியில்லை. டயர் கடைக்காரர் பார்த்துவிட்டு, தம்மிடம் உள்ளது டயருக்கான அழுத்தம் மட்டுமே என்று கைவிரித்தார். ஷாக்கினுள் நைட்ரஜன் அழுத்தம் இல்லாவிட்டால், ராடின் முனையில் உள்ள பிஸ்டன் வேகமாக ஓடும்போது ஆயில் நுரைத்து, ஷாக் பாதி வழியிலேயே தளர்ந்துவிடும்.

ஆகவே ஓசூரில் ஒரு பட்டறைக்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த மெக்கானிக் அளவெடுக்கும் கேஜைத் தேடவில்லை. ராடின் நெடுகிலும் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் நின்றது. “ராடு குழி விழுந்திருக்கு சார், எத்தனை சீல் போட்டாலும் கிழிச்சிடும்” என்றார். கடுகில் பாதிகூட இல்லாத அந்தக் குழி, குரோம் பூச்சு பெயர்ந்த இடம். ஒரு மாலை முழுவதும் அந்த ராடைக் கையில் வைத்திருந்தும் நான் அதைக் கவனிக்கவில்லை. ராடையும் மாற்ற நேர்ந்ததால், நான் வாங்கிய சீலுக்கும் ஆயிலுக்கும் ஆன பணம் வீண். (வீட்டில் இதைச் சொல்லவில்லை.)

இவ்வாண்டு மறுபக்க ஷாக்கும் கசிந்தபோது, ஸ்பிரிங்கின் இறுக்கத்தை அளந்து குறித்துக்கொண்டு, கழற்றி, கழுவி, ராடில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், வழுவழுவென்றிருந்தது. ஸ்பிரிங்கை வீட்டிலேயே வைத்துவிட்டு ஷாக்கை மட்டும் மஞ்சப்பையில் போட்டு ஓசூர் பேருந்தில் ஏறினேன். பட்டறைக்குச் சீல், ஆயில், நைட்ரஜன் ஆகியவற்றுக்கான கூலி மட்டுமே கொடுத்தேன். மறுநாள் காலை வண்டியில் மாட்டியது நான்தான்.