கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விழுந்த வெயில்

என் இடது கன்னத்தில்தான் மங்கு என்கிற கருந்திட்டு முதலில் வந்தது. வேலூர் காகிதப்பட்டறையில் எங்கள் தையல் கடைக்கு மேற்குப் பார்த்த வாசல். முழு நீளக் கண்ணாடிக் கதவு. ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் வேண்டும் என்று கதவை ஒட்டியே மெஷினைப் போட்டிருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் வெயில் இடது பக்கமாக முகத்தில் விழும். உள்ளேதானே இருக்கிறோம், நமக்கென்ன என்று பதினோரு வருஷம் அப்படியே உட்கார்ந்து ஜாக்கெட் தைத்தேன்.

மங்கு என்று சொன்னதும் ஒரு மெடிக்கல் ஷாப்பில் டியூப் எடுத்துக் கொடுத்தார்கள். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. பார்த்தவர்கள் எல்லாம் பேர் கேட்டார்கள், நானும் சொன்னேன். அதை நினைத்தால் இன்றும் மனசு கஷ்டப்படுகிறது. நாலாவது மாசம் கன்னம் சிவந்து, தோலுக்கு அடியில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரிந்தது. மோவாயில் பூனை முடி. தெருவில் இறங்கினாலே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிச்சல்.

தோல் டாக்டரம்மா டியூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா, தோலையே மெலிசாக்கிடும்" என்றார். இந்த மாதிரிப் பல களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே அரசு விதி கொண்டுவந்துவிட்டது. நான் சீட்டு இல்லாமல்தான் வாங்கினேன். மங்கு வேகமாக மறைகிறது என்று யாராவது கொடுத்தால் தயவுசெய்து பூசாதீர்கள்.

அதே சமயம் இடுப்பு வலியும் இருந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தால் வைட்டமின் டி ரொம்பக் குறைவு. வேலூர் வெயிலில் இருக்கிறவளுக்கு எப்படிக் குறையும்? அதற்கும் அந்தக் கதவுதான் பதில். வெயிலில் வரும் புற ஊதாக் கதிரில் தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற யூவி-பி வகையைச் சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும். தோலைக் கருக்க வைத்து மங்கைக் கிளப்பிவிடுகிற யூவி-ஏ வகை உள்ளே வந்துவிடும். ஆக, எலும்புக்கு வேண்டியது கதவோடு நின்றுபோனது, கன்னத்துக்கு ஆகாதது மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது.

காலை ஆறு மணிக்குக் கோட்டைப் பக்கம் நடக்கிறேனே என்றேன். உடம்புக்கு நல்லது, ஆனால் அப்போது சூரியன் சாய்வாக இருப்பதால் யூவி-பி காற்று மண்டலத்தைத் தாண்டி அதிகம் வராதாம். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாகிற நேரம்தான் கணக்கு. மாநிறமும் கருப்புமான தோலுக்கு வெள்ளைக்காரரைவிட இன்னும் கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும்.

அம்மா ஒடுகத்தூரில் வேர்க்கடலைக் கொல்லியில் அறுபது வயசு வரை நின்றவள். "கருத்த தோலுக்கு வெயிலு இன்னாடி பண்ணும்?" என்பாள். பாதி சரி. கருப்பு நிறமியே ஒரு குடைதான், வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு. மெல்போர்னில் இருக்கிற தங்கச்சி பையனைத் தொப்பி இல்லாமல் பள்ளி மைதானத்தில் விளையாட விடுவதில்லை. அந்த ஊரில் வெள்ளைத் தோல்காரர்கள் அதிகம், அங்கே அது அவசியம். ஆனால் நமக்கு எதுவுமே வராது என்று இருந்துவிடக் கூடாது. பாடகர் பாப் மார்லி 1981-ல் இறந்தது, கால் பெருவிரல் நகத்தடியில் தொடங்கிய மெலனோமா என்கிற தோல் புற்றுநோயால். அது வெயிலால் வருகிற வகை இல்லை. கருத்த தோல்காரர்களுக்கு உள்ளங்கால், நகத்தடி என்று வெயிலே படாத இடத்தில் வருவதால் யாரும் பார்ப்பதில்லை, கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

இப்போது மெஷினைக் கிழக்குச் சுவருக்கு நகர்த்திவிட்டேன். கதவுக்குப் பருத்தித் திரை. டாக்டரம்மா எழுதிக்கொடுத்த, லேசாக நிறம் கலந்த சன்ஸ்கிரீனைப் பூசுகிறேன், ஏனென்றால் மங்குக்குக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் ஆகாது. பதினோரு மணிக்கு முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கையும் காலும் வெயிலில் படும்படி மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். கத்திரி வெயிலில் அந்த நேரத்தைக் குறைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பாதத்தை மடியில் வைத்து, வெடிப்பில் எண்ணெய் தடவி, ஒவ்வொரு விரல் இடுக்காக, ஒவ்வொரு நகமாக டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கூச்சத்தில் காலை இழுத்துக்கொள்கிறாள். நான் விடுவதில்லை.