எண்ணெயில் இறங்கும் நிறம், தண்ணியில் கரையும் நிறம்

மாசி

பீட்ரூட் லிப்ஸ்டிக் எப்படிச் செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஒரே பாட்டுதான். பீட்ரூட்டைக் காயவைத்துப் பொடி செய்யணும், தேங்காயெண்ணெயில் போடணும், தேன்மெழுகு உருக்கி ஊற்றணும், ஆறவிடணும். உடுமலைப் பக்கத்துப் பீட்ரூட் எங்கள் காங்கேயத்தில் தாராளமாகக் கிடைக்கும். சீவி, நிழலில் உலர்த்தி, மிக்சியில் அடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்தேன். பொடியைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. எண்ணெயில் போட்டதும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே எண்ணெய் அதே நிறத்தில், கீழே பொடி அதே நிறத்தில். உதட்டில் தேய்த்தால் நறநற. நாக்கால் ஈரப்படுத்தினால் மட்டும் அங்கங்கே புள்ளி புள்ளியாகச் சிவக்கிறது.

பீட்ரூட்டின் நிறம் பீட்டாலெயின் என்ற வகை. தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதிகச் சூடு பட்டாலும் வெயில் பட்டாலும் வெளுத்தும் போகும். எண்ணெயும் மெழுகுமாக இருக்கிற லிப்ஸ்டிக்குக்குள் அதற்கு இடமே இல்லை.

அதனால் எதைச் செய்வதற்கு முன்னாலும் ஒரு டம்ளர் சோதனை வைத்துக்கொண்டேன். ஒரு டம்ளரில் வெந்நீர், இன்னொன்றில் இளஞ்சூட்டில் எண்ணெய். இரண்டிலும் ஒரு சிட்டிகை போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட வேண்டும். செம்பருத்தி, சங்குப்பூ, பீட்ரூட் மூன்றும் தண்ணிக் கட்சி. மஞ்சள், கேரட், வேம்பாளம்பட்டை எண்ணெய்க் கட்சி. மிளகாய் வற்றலும் எண்ணெய்க் கட்சிதான், குழம்பின் மேலே மிதக்கும் சிவப்பைப் பார்த்தாலே தெரியும். அதை உதட்டுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பீட்ரூட்டைத் தூக்கிப் போடவில்லை. சாற்றைப் பிழிந்து, கொஞ்சம் கிளிசரின் கலந்து, சின்ன பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்தால் கன்னத்துக்கும் உதட்டுக்கும் மெல்லிய சாயமாகத் தேய்க்கலாம். தண்ணீர் சேர்ந்த எதுவும் சீக்கிரம் கெடும் என்பதால் ரெண்டு மூணு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. சாம்பார் மாதிரி நினைத்துக்கொண்டால் சரி.

பங்குனி

வேம்பாளம்பட்டை. தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிற வீடுகளில் எல்லாம் தெரிந்த சாமான். நாட்டு மருந்துக்கடையில் கருஞ்சிவப்பாகச் சருகு சருகாகத் தருவார்கள், தொட்டாலே விரலில் ஒட்டும். தண்ணீர் டம்ளரில் இது கிட்டத்தட்ட சும்மா கிடந்தது. எண்ணெய் டம்ளரில் போட்ட கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு நூல் நூலாக இறங்க ஆரம்பித்தது.

தேங்காயெண்ணெயில் நிறம் வேகமாக இறங்குகிறது. விளக்கெண்ணெய் கெட்டி என்பதால் மெதுவாகத்தான் இறங்கும், போசியில் வெந்நீர் வைத்து அதற்குள் பாட்டிலை நிறுத்திச் சூடேற்றினால் வேலை நடக்கும். ஆனால் உதட்டுக்கு விளக்கெண்ணெய்தான் வேண்டும். பளபளப்பும் பிடிப்பும் அதில்தான். கடையில் வாங்கும் லிப்ஸ்டிக் பலவற்றிலும் விளக்கெண்ணெய் இருக்கிறது, அட்டையில் ‘காஸ்டர் ஆயில்’ என்று போட்டிருப்பதால் நம்மூர் ஆமணக்கு என்று தோன்றுவதில்லை.

மெழுகு, மலைத்தேன் எடுக்கிறவர்களிடமிருந்து வந்தது. அழுக்கோடுதான் வரும். வெந்நீரில் போட்டு உருக்கி, துணியில் வடிகட்டி, ஆறவிட்டால் மேலே வட்டமாக உறையும். அடியில் ஒட்டியிருக்கும் கசடைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். ரெண்டாம் தடவை உருக்கும்போதே வீடெல்லாம் தேன் வாசம்.

முதல் அளவு: தேன்மெழுகு 5 கிராம், வேம்பாளம்பட்டை ஊறிய விளக்கெண்ணெய் 12 கிராம், தேங்காயெண்ணெய் 8 கிராம். கிராம் காட்டும் சின்னத் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கரண்டிக் கணக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாக வரும். தேன்மெழுகு 62லிருந்து 65 டிகிரிக்குள் உருகிவிடும், ஆகவே நேரடித் தீ தேவையே இல்லை. கலந்ததும் ஒரு சொட்டை ஃபிரிட்ஜில் வைத்திருந்த கரண்டியில் விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பார்த்தால் பதம் தெரியும்.

நிறம்? மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அற்புதமாக இருக்கிறது. பழுத்த நாவல்பழம் தின்ற உதட்டுக்கும் வெற்றிலை போட்ட உதட்டுக்கும் நடுவில் ஒரு சிவப்பு. சிட்டிகை ஆப்பசோடாவைத் தண்ணீரில் குழைத்து, பஞ்சில் தொட்டு, சிவந்த எண்ணெயில் வைத்தால் கத்தரிப்பூ நிறத்துக்குத் திரும்புகிறது. வேடிக்கைக்குச் செய்தது, உதட்டில் போட அல்ல.

பூசும் முன் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டுப் பார்ப்பதை விடாதீர்கள். இன்னொன்று, இது தலைக்குத் தேய்க்கும் பட்டை. உதட்டில் போட்டது வயிற்றுக்குள்ளும் போகும். அதனால் கல்யாணம், காதுகுத்து என்றால்தான் நிறம் போட்டது. தினமும் பூசுவது நிறமில்லாத வெறும் மெழுகெண்ணெய்.

சித்திரை

ஒரே வரி: எல்லாம் உருகியது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரியிலேயே இளகிவிடும். விளக்கெண்ணெய் எப்போதுமே திரவம். ஆக, 39 டிகிரி வெயிலில் டப்பாவுக்குள் கட்டியாக நிற்கிறது என்றால் அது முழுக்க மெழுகின் தயவு. 25 கிராமுக்கு 5 கிராம் என்பது வெளிநாட்டுக் குளிருக்குப் போட்ட கணக்கு போலிருக்கிறது. மெழுகை 7 கிராமாக்கி, தேங்காயெண்ணெயை 6 ஆகக் குறைத்தேன். பஸ்ஸில் கைப்பையோடு திருப்பூர் போய் வந்தும் உருவம் குலையவில்லை.

வைகாசி

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சாந்து.

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காலத்தில் குழந்தைக்கு வைக்கிற கறுப்புப் பொட்டு கடையில் வாங்கியதல்ல. ஜவ்வரிசியைக் கருக்கிச் செய்து கொட்டாங்குச்சியில் ஊற்றிக் காயவைத்தது. அது வருஷக்கணக்கில் இருக்கும். விரலை நனைத்துத் தேய்த்தால் மை வரும். ஜவ்வரிசி என்றால் வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. சேலம் பக்கம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) மாவில் செய்வதுதான். அதற்கென்றே அங்கே சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் 1981லிருந்து இருக்கிறது.

வேலையை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது, புகை தாங்காது. வாசலில் மூணு கல் வைத்து, இரும்பு வாணலியில் 100 கிராம் ஜவ்வரிசியைப் போட்டு வறுக்க ஆரம்பித்தேன். முதலில் பொரியும், பிறகு பொன்னிறம், பிறகு காப்பி நிறம். இந்த இடத்தில் எல்லாருக்கும் நிறுத்தத் தோன்றும். அமுச்சி திண்ணையிலிருந்தே சத்தம் போட்டார்.

“ஏங்கண்ணு, அதுக்குள்ள எறக்கிப்போட்டா செவப்புச் சாந்துதான் வரும். இன்னும் கருகோணும். ஒட்டுக்கா உருகி தார் மாதிரி ஆகோணும்.”

“அமுச்சி, புகை கண்ணைக் கரிக்குதுங்க.”

“கரிக்கத்தான் செய்யும். காத்துக்கு அக்கட்டால போய் நின்னு கிண்டு சாமி.”

உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, உருகி, குமிழி விட்டு, பளபளவென்று கறுத்த பிறகு தீயைத் தணித்து வெந்நீர் விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக, தள்ளி நின்று. பச்சைத் தண்ணி ஊற்றினால் வாணலி வெடித்த மாதிரி தெறிக்கும். முதலில் கட்டி கட்டியாக இருப்பது கொதிக்கக் கொதிக்கக் கரைந்துவிடும். துணியில் வடிகட்டி, மறுபடி அடுப்பேற்றி, தேன் பதத்துக்குச் சுண்டவைத்து, நார் சுரண்டிய கொட்டாங்குச்சியில் ஊற்றினேன். மேலே மெல்லிய துணி கட்டி வெயிலில். வைகாசி வெயில் இதற்கென்றே அடிக்கிறது. மேலே காய்ந்தும் அடியில் பிசுபிசுப்பு இருந்தால் பூஞ்சை பிடிக்கும், தட்டினால் கண்ணாடி போலச் சத்தம் வரும்வரை காய வேண்டும்.

இது தண்ணிக் கட்சி. எனவே எண்ணெய்ப் பிசுக்கு உள்ள தோலில் ஒட்டாது, முகம் கழுவித் துடைத்த பிறகு வைத்தால் மெல்லிய ஏடாகப் படிந்து நிற்கும். தண்ணீர் பட்டால் போய்விடும். நெற்றிப் பொட்டுக்கும், குழந்தை கன்னத்தில் திருஷ்டிக்கும், புருவம் நிரப்பவும் நன்றாக இருக்கிறது. புருவத்துக்கு, தூக்கிப் போட இருந்த டூத்பிரஷை நனைத்துத் தொட்டால் முடி முடியாக வரையலாம்.

எண்ணெய்க் கட்சியில் இதற்கு ஜோடி, விளக்குக் கரி. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே சந்தனம் பூசிய வட்டலைக் கவிழ்த்துக் கரி பிடித்து, அதே எண்ணெயில் குழைப்பது. செய்தேன். கறுப்பு என்றால் அதுதான் கறுப்பு, சாந்தெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. வியர்வையில் கரையாது, ஆனால் ஈஷிக்கொள்ளும்.

இதை நான் கண்ணுக்குள் போடுவதில்லை. வீட்டில் எவ்வளவு சுத்தமாகச் செய்தாலும் கிருமி இல்லாமல் செய்ய முடியாது, கரியில் பொடி மண் இருந்தாலும் தெரியாது. குழந்தைக் கண்ணுக்கு மை வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வதும் இதனால்தான். விற்பனைக்கு வரும் சுர்மா என்ற கண் மைப்பொடியில் வேறு தொல்லை, சிலவற்றில் ஈயம். அமெரிக்காவில் காஜல், சுர்மா வகைகளை நிறமூட்டியாக அனுமதிப்பதே இல்லை. அமுச்சிக்கு இதில் உடன்பாடு கிடையாது. “எங்க கண்ணெல்லாம் பொட்டையாவா போச்சு?” என்கிறார். அவரிடம் வாதாடி ஜெயித்தவர் இல்லை. மை இமை மேலும் புருவத்திலும் மட்டும்.

ஆடி

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிட்டது. தாராபுரம் ரோட்டில் காற்றாலை எல்லாம் சுற்றுகிறது, எங்கள் உதடு எல்லாம் வெடிக்கிறது. சித்திரைக்காக மெழுகு கூட்டிச் செய்த குச்சி இப்போது உதட்டில் இழுக்கிறது, வழுக்கவில்லை. மெழுகு 4 கிராமுக்கு இறக்கி, விளக்கெண்ணெயை 14 ஆக்கினேன். குச்சி நிற்காது, டப்பாவில் ஊற்றி விரலால் எடுக்க வேண்டியதுதான். எங்கள் நங்கைக்கு (அண்ணிக்கு) இந்தப் பதம்தான் பிடித்திருக்கிறது, குதிகால் வெடிப்புக்கும் அதையே தேய்த்துக்கொள்கிறார்.

ஆடி வெள்ளிக்குக் குங்குமம் செய்தேன். மஞ்சள் சொந்தக்காரர் தோட்டத்தது. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அவர் பேச்சில் கொஞ்சம் மிதப்பு. விரலி வேண்டாம், கிழங்குதான் குங்குமத்துக்கு என்று அவரே எடுத்துத் தந்தார்.

மஞ்சளைச் சுண்ணாம்போடு குழைத்தாலே சிவப்பு வந்துவிடுமே என்று தோன்றும். ஆலாத்தித் தட்டில் பார்ப்பது அந்தச் சிவப்புதான். ஆனால் அதில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் மறுபடி மஞ்சளாகிவிடும். சுண்ணாம்பின் காரத்தன்மை இருக்கும்வரைதான் அந்தச் சிவப்பு. வியர்வையில் நிற்காது, தோலும் எரியும். நிற்கிற சிவப்புக்கு வெண்காரம் (போராக்ஸ்) வேண்டும். கால் கிலோ கிழங்கு மஞ்சளை நொய் அளவுக்கு உடைத்து, 25 கிராம் வெண்காரம், 25 கிராம் படிகாரம் இரண்டையும் பொடித்து, மஞ்சள் நனையுமளவு எலுமிச்சைச் சாற்றில் கரைத்து, மண்சட்டியில் பிசறி வைத்தேன். ஈரத்தில் பார்த்தால் ஏமாற்றமான ஒரு செங்கல் நிறம். காயக் காயத்தான் ஏறுகிறது. வெண்காரத்தைக் கண்டுபிடிக்க மஞ்சள் தடவிய தாளை நனைத்துக் காயவைப்பார்கள், காயும்போதுதான் தாள் சிவக்கும். மஞ்சளின் நிறமான குர்குமினோடு வெண்காரத்திலுள்ள போரான் சேர்கிற அதே வேலைதான் சட்டிக்குள்ளும் நடக்கிறது.

வாசலில் காயவைத்தால் ஆடிக் காற்று பக்கத்து ஊருக்குக் குங்குமம் வைத்துவிடும். அறைக்குள் காயவைத்து, அரைத்து, சலித்து, கடைசியில் நல்லெண்ணெய் சில துளி. கடைக் குங்குமத்தின் பளீர் சிவப்பு இல்லை, மண் கலந்த சிவப்பு. நெற்றியில் ஒட்டி நிற்கிறது, அரிப்பில்லை.

நங்கை கேட்டார், “இதையே மெழுகில போட்டா லிப்ஸ்டிக் ஆயிப்போகுமல்லோ?” ஆகாதுங்க. வெண்காரம் வாய்க்குள் போகக்கூடாத சாமான். நெற்றியோடு சரி.

ஐப்பசி

முகப் பவுடர். கூவைக்கிழங்கு மாவு நாலு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு, நம் நிறம் வரும்வரை கோகோ பொடி, துளி கஸ்தூரி மஞ்சள். அரிசி மாவு போட்டுப் பார்த்ததில் எவ்வளவு சலித்தாலும் முகத்தில் வெள்ளையாக நிற்கிறது. கோகோ எண்ணிக்கொண்டு போடுங்கள், கொஞ்சம் கூடினால் காப்பிக்கடை வாசம். பட்டைப்பொடி போடச் சொல்கிறவர்கள் உண்டு, முகம் எரியும். மழை நாளில் கட்டி பிடிப்பதால் டப்பாவில் ஒரு சின்னப் பஞ்சுப் பொட்டலத்தில் வறுத்த அரிசி கட்டிப் போட்டிருக்கிறேன். இதைப் பற்றி இவ்வளவுதான், பவுடர் பவுடர்தான்.

மார்கழி

விடியற்காலையில் தேங்காயெண்ணெய் பாட்டில் உறைந்துவிடுகிறது. ஆடி டப்பா இப்போது மேலெல்லாம் ரவை ரவையாக இருக்கிறது. தேங்காயெண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு, விளக்கெண்ணெயோடு கடலையெண்ணெய் சேர்த்து ஒரு ஈடு ஊற்றப் போகிறேன். மரச்செக்குக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. கடலை வாசம் உதட்டில் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதுதான் கேள்வி, தை நோம்பிக்குள் பூசிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.